நொரீன் ஸ்லாக்கின் ஒன்பது தெருக்கள்

எனக்குக் கிளைவ் பேக்ஷாவைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து, "வில்ஃப், நீ ஒருபக்கமாகப் பேசுகிறாய்" என்று குறை சொல்லக்கூடாது. ஒருபக்கமாகத்தான் பேசப்போகிறேன். இங்கிலாந்தின் மலையூரான இந்தப் பக்ஸ்டனில் சன்னல் கழுவுகிறவர்களுக்கு வேண்டிய ஓஸ் குழாய், பம்பு, பில்டர், பிரஷ், நீளக் கம்பு எல்லாம் விற்கிற ஒரே கடை என்னுடையது. இருபத்தாறு வருடமாகக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். ஒருவன் எப்படிப்பட்டவன் என்று தெரிய வேண்டுமானால், முதல் கடுங்குளிர் அடித்த மறுநாள் காலை அவன் என் கடைக்குள் நுழைகிற விதத்தைப் பார்த்தால் போதும். சிலர் சிரித்துக்கொண்டே வருவார்கள், முட்டாள்தனம் தங்களுடையது என்று ஒப்புக்கொண்டு. கிளைவ் மாதிரி ஆட்கள் ஏதோ நான்தான் ராத்திரியில் போய் அவர்கள் பம்பில் பனியை அடைத்துவிட்டு வந்தேன் என்பதுபோல வருவார்கள்.

நொரீன் ஸ்லாக் ஒருமுறைகூட அப்படி வந்ததில்லை. பன்னிரண்டு குளிர்காலத்தில் அவள் கையில் இருந்த ஒரு பம்பும் வெடித்ததில்லை. எங்கள் ஊரில் இது சின்ன விஷயமில்லை. ஆயிரம் அடி உயரத்தில் உட்கார்ந்திருக்கிற ஊர், அக்டோபரிலேயே காது மரத்துப்போகும்.

அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. குட்டை, அகலமான தோள், வாயில் எப்போதும் ஒரு புதினா மிட்டாய். கணவன் என்று ஒருவன் இருந்தான், ஒரு கோடையில் ஸ்பெயினுக்குப் போனான், வெயில் நன்றாக இருந்ததாம், திரும்பவில்லை. அதைப் பற்றி அவள் பேசியதெல்லாம், "போகும்போது நல்ல சுத்தியலையும் எடுத்துட்டுப் போயிட்டான்" என்பதுதான். தொழிற்சாலையில் இரவு முறை வேலை பார்த்து உடம்பு கெட்டு, நாற்பத்திரண்டாவது வயதில் கிளைவோடு சன்னல் கழுவ வந்தாள். அவனிடம் வேன் இருந்தது. ஆனால் ஊரின் பர்பேஜ் பக்கத்தில் அவனுக்கு வாடிக்கைத் தெருக்கள் இல்லை. அந்த மார்ச்சில் மழையில் நனைந்துகொண்டே ஒன்பது தெருவிலும் வீடு வீடாகக் கதவைத் தட்டி வாடிக்கை பிடித்தவள் நொரீன். கிளைவ் வேனுக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எண்பத்து மூன்று வீடு. எந்த வீட்டில் எந்த நாய் கடிக்கும், எந்தப் பின்கதவின் தாழ்ப்பாள் ஒட்டிக்கொள்ளும், யார் வீட்டுச் சன்னல் விளிம்பில் கண்ணாடிப் பொம்மை இருக்கும், எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

அதற்குப் பிறகும் அப்படித்தான் நடந்தது. அந்த ஒன்பது தெருவுக்கும் வேன் போய் நிற்கும். அவள் ஓஸை இழுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவாள். அவன் ஓட்டுநர் இருக்கையில் குதிரைப் பந்தயம் கேட்டுக்கொண்டிருப்பான். கடைசியில் வீட்டுக் கதவின் தபால் துவாரத்தில் போடுகிற சீட்டில் மட்டும் "இன்று உங்கள் சன்னல்கள் கழுவப்பட்டன, கிளைவ் பேக்ஷா" என்று அச்சடித்திருக்கும்.

குளிர்காலத்து வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாமே அதில்தான் இருக்கிறது. வேனுக்குள் அறுநூறு லிட்டர் தொட்டி. அதிலிருந்து பம்பு, பம்பிலிருந்து பில்டர், பில்டரிலிருந்து நூறு மீட்டர் ஓஸ். குளிர் வந்தால் பெரிய தொட்டி ஒரே ராத்திரியில் உறைந்துவிடாது, அவ்வளவு தண்ணீர் ஒன்றாக இருந்தால் சூடு மெல்லத்தான் போகும். உறைவது பம்பின் தலைக்குள் தேங்கி நிற்கிற ஒரு கோப்பைத் தண்ணீர். அது உறைந்து விரியும், பிளாஸ்டிக் பிளக்கும், அவ்வளவுதான். சாயங்காலம் வேன் நின்றதும் நொரீன் பின்கதவைத் திறந்து, பம்பைக் கொஞ்ச நேரம் வெறுமனே ஓட்டித் தண்ணீரைத் துப்பவைப்பாள். குழாய்களைத் திறந்துவிடுவாள். பில்டர்களைக் கழற்றிக் குளியல் துண்டில் சுற்றித் தன் சமையலறைக்குக் கொண்டுபோவாள். ஓஸ் சுருளும் வீட்டுக்குள் வரும், அதன்மேல் அவளுடைய பூனை படுத்துக்கொள்ளும். பிறகு கிளைவின் வீட்டிலிருந்து மின்கம்பியை இழுத்து, வேனுக்குள் சின்ன ஹீட்டரைப் போட்டுவிட்டு நடந்தே வீட்டுக்குப் போவாள். மறுநாள் அவன் எழுந்து வரும்போது எல்லாம் மாட்டியிருக்கும். வரிசை மறக்காமலிருக்க ஓர் அட்டையில் தன் கையால் எழுதி வேனின் பின்கதவில் ஒட்டியிருந்தாள். கிளைவ் அந்த அட்டையைப் படித்ததே இல்லை. வேன் தானாக உறையாமல் இருக்கிறது என்று அவன் நினைத்தான்.

போன செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை. சனிக்கிழமை காலையில் ஊரின் சன்னல் ஆட்கள் எல்லோரும் டாட்டியின் சாப்பாட்டுக் கடையில் ஒரே மேசையில் சாப்பிடுவது வழக்கம், நானும் போவேன். கிளைவ் கை நிறைய வண்ணத்தாள்களோடு வந்தான். புது வேன் வாங்கிவிட்டானாம்.

"ரிமோட்ல ஓடும்டா. ஒரு பட்டனை அமுக்குனா ஓஸ் தானா சுருட்டிக்கும். நீங்கள்லாம் இன்னும் கையால சுருட்டிட்டு சாவுங்க."

"அப்ப நொரீன்?" என்று யாரோ கேட்டார்கள்.

"நொரீன் எதுக்கு? பன்னெண்டு வருஷமா ஓஸ் புடிச்சா. இப்ப ஓஸ் தன்னைத்தானே புடிச்சுக்கும்."

அவள் அதே மேசையில்தான் உட்கார்ந்திருந்தாள். பன்றி இறைச்சியும் பாலாடைக்கட்டியும் வைத்த ஓட்ஸ் ரொட்டி ஒன்று வாய்க்குப் பாதி வழியில் நின்றது. வேலை போன செய்தியே அவளுக்கு அப்போதுதான் தெரியும். மேசையில் சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன். பெரிதாக இல்லை, ஆனால் சிரித்தேன், அவள் என்னைப் பார்த்தாள்.

"என் தெருங்க?" என்றாள்.

"உன் தெருவா? வேன் யாருது? தண்ணி யாருது? சீட்டுல யாரு பேரு போட்டிருக்கு? ஓஸ் புடிக்க வந்தவளுக்குத் தெரு வேற!"

எங்கள் ஊரில் சீட்டில் யார் பெயரோ அவருடைய தெரு. அதை மீறி அடுத்தவன் தெருவில் கதவு தட்டினால் பிறகு அவனை யாரும் மேசையில் சேர்க்கமாட்டார்கள். பல வருடத்துக்கு முன் கார் நிறுத்துமிடத்தில் இரண்டு பேர் மண்டை உடைத்துக்கொண்ட பிறகு எல்லோருமாகப் போட்டுக்கொண்ட சட்டம் அது. நொரீன் ரொட்டியை முழுக்கச் சாப்பிட்டாள், தட்டில் இருந்த பழுப்புச் சாற்றை விரலால் வழித்தாள், எழுந்து போனாள். சன்னல் வழியாக நான் பார்த்தேன். பழைய வேனின் பின்கதவைத் திறந்து, அந்த அட்டையை நகத்தால் சுரண்டி எடுத்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். அந்த வேனிலிருந்து அவள் எடுத்துப்போனது அது ஒன்றைத்தான்.

அடுத்த வாரம் அவள் ஒரு பூக்கடைக்காரியிடமிருந்து பழைய சின்ன வேன் ஒன்றை வாங்கினாள். பக்கவாட்டில் பெரிய மஞ்சள் பூக்கள் வரைந்திருந்தன, அழிக்கக்கூட இல்லை. எல்லோரும் கேலி செய்தார்கள். ஃபேர்ஃபீல்ட் பக்கம் சில கடைகள், ஒரு பல் மருத்துவர், ஒரு பள்ளிக்கூடத்து முகப்பு என்று ஏதோ ஓட்டினாள். பர்பேஜுக்கு மட்டும் போகவில்லை.

"நீ போய்த் தட்டுனா அந்த வீடுங்க உன்கிட்டதானே வரும்?" என்று என் கடையில் வைத்துக் கேட்டேன்.

"வரும். ஆனா அது திருட்டு, வில்ஃப். நான் திருடமாட்டேன். புடுங்குவேன்." மிட்டாயைக் கன்னத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தள்ளினாள். "என் ஒன்பது தெருவும் எனக்கு வேணும். அதுவும் அவன் வாயாலேயே குடுக்கணும். எவன் வாய் என்னை ஓஸ் புடிக்கிறவள்னு சொல்லிச்சோ, அந்த வாய்."

அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

சட்டத்தில் இன்னொரு வரி இருக்கிறது. கிறிஸ்துமஸ் சுற்று. பண்டிகைக்கு முன் எல்லா வீட்டுச் சன்னலும் பளிச்சென்று இருந்தாக வேண்டும், வாடிக்கையாளர்கள் வேறு எதை மன்னித்தாலும் இதை மன்னிக்கமாட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளுக்குள் ஒருவன் தன் தெருவை முடிக்கவில்லையென்றால், புத்தாண்டு முதல் அந்தத் தெரு திறந்துவிடும். யார் வேண்டுமானாலும் புகுந்துகொள்ளலாம். கிளைவிடம் அவளுடைய ஒன்பதும் சேர்த்து முப்பத்தோரு தெரு இருந்தது.

நவம்பர் நடுவில் நொரீன் கடைக்கு வந்தாள். நேரே பின்பக்க அலமாரிக்குப் போய் மூன்று பம்பையும் நான்கு பில்டர் கூடுகளையும் எடுத்துக்கொண்டுவந்து கவுண்டரில் வைத்தாள். அந்த அளவில் என்னிடம் இருந்தது அவ்வளவுதான்.

"உன் சின்ன வேனுக்கு மூணு பம்பா?"

"குளிர்காலம், வில்ஃப்."

"இந்த அளவு உன் வேனுக்குப் பொருந்தாதே. இது பெரிய…" என்று சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. கிளைவின் புது வேனுக்குச் சாமான் மாட்டிக்கொடுத்ததே நான்தான்.

"பொருந்தாதுன்னு தெரியும்," என்றாள். "பையில போட்டுக் குடு."

போட்டுக் கொடுத்தேன். மறுபடி வரவழைக்க ஒரு போன் செய்திருந்தால் நான்கு நாளில் அலமாரி நிறைந்திருக்கும். நான் செய்யவில்லை. அந்தச் சனிக்கிழமை சிரித்த சிரிப்பு எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது, அதை இப்படித்தான் தீர்த்துக்கொண்டேன். நியாயமா என்று கேட்காதீர்கள்.

ஆனால் கிளைவை எச்சரித்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும். நவம்பர் கடைசியில் பிரஷ் வாங்க வந்தவனிடம், "கிளைவ், ராத்திரில பம்புத் தண்ணிய வடிச்சு விடுறியா? ஒரு சின்ன ஹீட்டர் எடுத்துட்டுப் போ" என்றேன்.

"உனக்கு யாவாரம் ஆகணும், அதானே? பழைய வேன் பன்னெண்டு வருஷம் ஒண்ணும் ஆகல, புது வேனுக்கா ஆகப்போவுது? சுத்திப் பஞ்சு வச்சிருக்காங்கடா, உள்ள படுத்துத் தூங்கலாம்."

"பழைய வேனுக்கு ஏன் ஒண்ணும் ஆகலைன்னு யோசிச்சியா?"

"நல்ல வேன்," என்றான்.

இவனிடம் பேசுவதற்குச் சுவரிடம் பேசலாம்.

டிசம்பர் பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை. காற்று நின்றுவிட்டது, வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மைனஸ் ஒன்பது என்று வானொலியில் சொன்னார்கள். நொரீனுக்குக் கொட்டகை கிடையாது. பூ வேனைச் சமையலறைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, தபால் துவாரம் வழியாக மின்கம்பி இழுத்து, பில்டரைத் துண்டில் சுற்றி உள்ளே கொண்டுபோனாள். கிளைவுக்கும் அன்று கொஞ்சம் புத்தி வந்திருக்கிறது. உறைபனிக்கு ஏதோ செய்ய வேண்டும் என்று தோன்றி, அறுநூறு லிட்டர் தொட்டியைத் திறந்து வீட்டுக்கு முன்னால் தெருவில் விட்டுவிட்டான். தொட்டி காலி, இனி உறைய என்ன இருக்கிறது என்று நிம்மதியாகப் போய்ப் படுத்தான். கடைசியில் உறையக்கூடிய ஒன்றைக் காலி செய்துவிட்டு, முதலில் உறையக்கூடிய பம்பையும் பில்டரையும் தண்ணீரோடு விட்டுவிட்டான். தெருவில் விட்ட தண்ணீர் உறைந்து, காலையில் தபால்காரர் அதில் வழுக்கி விழுந்தது தனிக் கதை.

சனிக்கிழமை காலை தொட்டியை நிரப்பி, பட்டனை அமுக்கினான். பம்பு முக்கியது. மறுபடி அமுக்கினான். புகை வந்தது. பயந்துபோய்க் கெட்டிலில் கொதித்த தண்ணீரைக் கொண்டுவந்து அதன்மேல் ஊற்றினான். பம்பின் தலை நெடுக்காகப் பிளந்தது, இரண்டு பில்டர் கூடும் கூடவே போயின. எட்டரை மணிக்கு என் கடைக் கதவை உதைத்துத் திறந்தான்.

"என்னடா சாமான் விக்குற நீ! மூணு மாசம் ஆகல!"

உடைந்ததைக் கவுண்டரில் போட்டான். பார்த்தேன். பம்பின் தலைக்குள் ஒரு சின்னப் பனிக்கட்டி இன்னும் உட்கார்ந்திருந்தது.

"இதுக்கு வேற எடு."

"இல்ல, கிளைவ்."

"இல்லைன்னா?"

"இருந்ததெல்லாம் நவம்பர்ல ஒருத்தர் வாங்கிட்டாங்க." மொத்தக் கிடங்குக்கு அவன் கண்ணெதிரிலேயே போன் போட்டேன். அந்த ஒரே ராத்திரியில் வடக்கு முழுக்க பம்புகள் வெடித்திருந்தன. ஜனவரி ஆறு என்றார்கள். அதற்குமேல் மலைச்சாலையும் பனியில் மூடிக் கிடந்தது, லாரி ஏறாது. கிளைவ் முப்பத்தோரு தெருவில் பதினொன்றைத்தான் முடித்திருந்தான். நொரீனுடைய ஒன்பதும் மிச்சத்தில் இருந்தன. டாட்டியின் கடையில் மற்றவர்கள் அதற்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள், உனக்கு இந்தத் தெரு, எனக்கு அந்தத் தெரு என்று. ஒருவனும் அவனுக்கு ஒரு வாளித் தண்ணீர் தருவதாகச் சொல்லவில்லை.

"யாரு வாங்குனது?" என்றான் கிளைவ்.

சொன்னேன். அவன் முகம் போன போக்கைப் பார்க்க நான் இன்னும் நான்கு மாதம்கூடக் காத்திருப்பேன்.

தனியாகப் போனால் கதவைச் சாத்திவிடுவாள் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனான். நொரீன் சமையலறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஓஸ் சுருளின்மேல் பூனை தூங்கிக்கொண்டிருந்தது. மேசையின்மேல் மூன்று பம்பும் நான்கு பில்டர் கூடும் பெட்டி பிரிக்காமல் அடுக்கியிருந்தன. முந்தின நாள் மேசை காலியாகத்தான் இருந்திருக்கும். அவன் வருவதற்காக எடுத்து வைத்திருக்கிறாள். பக்கத்தில் ஒரு தட்டில் கிறிஸ்துமஸ் பணியாரம். எனக்கு ஒன்று நீட்டினாள், அவனுக்கு நீட்டவில்லை.

"நொரீன், வாத்தே," என்று ஆரம்பித்தான். எங்கள் ஊரில் பிரியமாகப் பேச வேண்டுமானால் யாரையும் வாத்தே என்றுதான் கூப்பிடுவோம். அவன் பன்னிரண்டு வருடத்தில் அவளை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "ஒரு பம்பு. ரெண்டு கூடு. என்ன வெலை வேணாலும் சொல்லு."

"வெலைக்கு இல்ல."

"அப்புறம் எதுக்குடி வாங்கி அடுக்கி வச்சிருக்க?"

"நீ வந்து கேக்கணும்னுதான்."

அவன் பெட்டிகளைப் பார்த்தான். பிறகு, "அந்த அட்டையாவது வச்சுட்டுப் போயிருக்கலாம்ல நீ? ராத்திரி என்ன செய்யணும்னு எழுதி ஒட்டியிருந்தியாமே!" என்றான். அட்டை விஷயம் அன்று காலை நான்தான் சொன்னேன்.

"அது என் கையெழுத்து, கிளைவ். சீட்டுலதான் உன் பேரு. அட்டையில இல்ல."

நான் பணியாரத்தைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன், சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது.

"சரி. என்னதான் வேணும் உனக்கு?"

"என் ஒன்பது தெரு."

"எடுத்துக்கோ. தொலை. பம்பைக் குடு."

"இரு, இன்னும் முடிக்கல. நாளைக்கு ஞாயித்துக்கிழமை, எல்லாரும் வீட்டுல இருப்பாங்க. நீ என்கூட வர்ற. எம்பத்து மூணு கதவையும் நீயே தட்டுற. 'பன்னெண்டு வருஷமா உங்க சன்னலைக் கழுவுனது நொரீன், நான் இல்ல. இந்தத் தெரு அவளோடது'ன்னு உன் வாயால சொல்ற. எம்பத்து மூணாவது கதவுல பம்பு உன் கையில."

"உனக்குப் பைத்தியமா? ஊரு சிரிக்கும்!"

"சிரிக்கட்டுமே. டாட்டி கடையில சிரிச்சாங்கல்ல? எனக்கு ஒண்ணும் ஆகலையே." இதைச் சொல்லும்போது அவள் என்னைத்தான் பார்த்தாள், நான் பணியாரத்தைத் தட்டில் வைத்தேன். "வில்ஃப், நீயும் வர்ற. இவன் திங்கக்கிழமை நான் சொல்லவே இல்லைன்னு சொல்லுவான்."

கிளைவ் எழுந்து கதவுவரை போனான். வெளியே எட்டிப் பார்த்தான். தெரு முழுக்க வெள்ளையாக, இறுகிக் கிடந்தது, இன்னும் பத்து நாளைக்கு இளகுகிற அறிகுறி ஒன்றும் இல்லை. திரும்பி வந்து நின்றான்.

"எத்தனை மணிக்கு?" என்றான்.

பத்து மணிக்குத் தொடங்கினோம். முதல் கதவில் அவன் தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தான். அந்த வீட்டு அம்மாள் ஒன்றும் புரியாமல், "யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டாள். நொரீன், "திரும்பச் சொல்லு" என்றாள். திரும்பச் சொன்னான். ஐந்தாவது வீட்டிலிருந்து வார்த்தை அவனுக்குப் பழகிவிட்டது, பள்ளிக்கூடப் பையன் ஒப்பிக்கிற மாதிரி ஒப்பித்தான். அப்படி ஒப்பிக்க ஆரம்பித்ததும் நொரீன் அவனை நிறுத்தினாள்.

"என் பேரைச் சொல்லும்போது என்னைக் கையைக் காட்டிச் சொல்லு."

காட்டினான்.

சிலர் தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் மூன்று பேர் உள்ளே ஓடிப்போய் மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு வந்து இன்னொருமுறை சொல்லச் சொன்னார்கள். பெரிய நாய் இருக்கிற வீட்டில் நாய் நொரீனைப் பார்த்து வாலை ஆட்டிவிட்டுக் கிளைவின் காற்சட்டையைப் பிடித்தது. நொரீன் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு வார்த்தை பேசினாள், இடுப்பு வலி எப்படி இருக்கிறது, மகள் நாடு திரும்பினாளா என்று. அவன் அந்த நேரம் முழுக்கப் படியில் காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருக்க வேண்டும். அதற்காகத்தான் அவள் அவ்வளவு விசாரித்தாள் என்று எனக்குத் தெரியும்.

மதியத்துக்கு மேல் அவன் உதடு நீலமாகிவிட்டது. குரல் கம்மிவிட்டது. சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கே பாவமாகிவிட்டது.

"போதும் நொரீன்," என்றேன் மெதுவாக. "சேதி ஊருக்குள்ள பரவிருச்சு. பாதிக்கு மேல முடிஞ்சுது."

"நாப்பத்தியொண்ணுதான் ஆயிருக்கு. பாதிகூட ஆகல."

"அவன் செத்துறப் போறான்."

"மார்ச் மாசம் மூணு வாரம் மழையில நான் தட்டுனேன், வில்ஃப். எனக்கு நிமோனியா வந்துது. அவன் பாக்கக்கூட வரல. இன்னும் நாப்பத்திரெண்டு வீடு இருக்கு. நட."

நடந்தோம். அவள் முகத்தில் சந்தோஷம் இருந்ததா என்று பார்த்தேன். இருந்தது. வெளிப்படையாக, வெட்கமே இல்லாமல் இருந்தது. நல்ல மனுஷி, யாருக்கும் கெடுதல் நினைக்காதவள் என்று கதையை முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் அன்று அவள் கெடுதல்தான் நினைத்தாள், ஒவ்வொரு கதவாக, ருசித்து நினைத்தாள். அவளுக்கு அதற்கு உரிமை இருந்தது என்று இன்றும் சொல்வேன்.

எண்பத்து மூன்றாவது வீட்டுக்கு வரும்போது மணி நாலு, தெருவிளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது. திரு டன்னிக்ளிஃப் என்று எண்பத்தெட்டு வயதுக் கிழவர், தனியாக இருக்கிறார். கதவைத் திறந்ததும் நொரீனைப் பார்த்து முகம் மலர்ந்தது.

"வாத்தே! மூணு மாசமா எங்க போன? உனக்குப் பதிலா எவனோ வர்றான், மூஞ்சியையே காட்டமாட்டேங்குறான். ஓஸைப் போட்டு ரோசாச்செடியை முறிச்சுட்டான். பாதையில தண்ணியக் கொட்டிட்டுப் போயிர்றான், அது உறையாம இருக்க உப்பே போடமாட்டேங்குறான். நான் வழுக்கி விழுந்தா யாரு பாக்குறது?"

"இனிமே நான்தான் வருவேன், திரு டன்னிக்ளிஃப். இவரு உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

கிளைவ் சொன்னான். குரலே வரவில்லை, காற்றுதான் வந்தது. கிழவர் காதுக்குப் பக்கத்தில் கையைக் குவித்துக்கொண்டு, "என்ன?" என்றார்.

"சத்தமாச் சொல்லு, கிளைவ்," என்றாள் நொரீன். "அவருக்குக் காது கேக்காது."

அவன் அவளைப் பார்த்தான். அவள் கையில் பம்புப் பெட்டி இருந்தது, அதைப் பார்த்தான். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு, அன்று காலையிலிருந்து கத்தாத சத்தத்தில் கத்தினான்.

"பன்னெண்டு வருஷமா உங்க சன்னலைக் கழுவுனது நொரீன்! நான் இல்ல! இந்தத் தெரு அவளோடது!"

தெரு முழுக்கக் கேட்டது. எதிர்ச்சாரியில் திரைச்சீலைகள் ஒவ்வொன்றாக விலகின. ஒரு வீட்டில் கதவையே திறந்துவிட்டார்கள். கிழவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, தலையை ஆட்டினார்.

"அது எனக்குத் தெரியாதாப்பா? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னவ மூஞ்சிய மாசா மாசம் பாத்தேனே." கிளைவை மேலும் கீழும் பார்த்தார். "நீ யாரு?"

கிளைவ் திரும்பி என்னைப் பார்த்தான், நான் என் பூட்ஸைப் பார்த்தேன். நொரீன் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, அவன் சொல்லும்வரை காத்திருந்தாள்.